ராக்கம்மாள் மறுபடியும் பால் காய்ச்சினாள்

ராக்கம்மாளுக்கு வீடு கிடைத்த பிறகுதான் அவள் வெளியில் படுப்பது ஓர் ஒழுங்குக்கு வந்தது. அதற்கு முன்னால் சில வருஷம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கிடந்தாளே, அப்போதெல்லாம் படுக்கைக்கு ஒரு நிச்சயம் கிடையாது. ஒரு நாள் சாத்திய செருப்புக்கடை வாசல், ஒரு நாள் டீக்கடை பெஞ்சுக்குக் கீழே, மழை வந்தால் இடம் கிடைத்த பக்கம். இப்போது அப்படியில்லை. எந்தெந்தத் தேதியில் அவள் தன் வீட்டுக்கு வெளியே படுக்க வேண்டும் என்பதை ஆபீஸிலிருந்து முன்கூட்டியே ஆள் வந்து சொல்லிவிடுகிறது.

அந்த ஆபீஸின் பெயர் ‘நிலைத்த இல்லம் பின்தொடர் ஆதரவு மையம்’. முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் திருச்சுழி பஸ் ஒரு நிறுத்தம் தாண்டிவிடும். வீடு கொடுத்தது இவர்கள் இல்லை, அது வேறு ஆபீஸ். தெருவில் கிடந்து வீட்டுக்கு வந்தவர்கள் மறுபடி தெருவுக்கு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர்கள் வேலை. மையத்தின் இயக்குநர் ஜெயபாண்டி இதை மேடைக்கு மேடை விளக்குவார்.

“வீடு கொடுக்கிறது சுலபம்ங்க. யார் வேணும்னாலும் கொடுத்துட்டுப் போயிரலாம். அந்த வீட்டுக்குள்ள ஒரு மனுசன இருக்க வைக்கிறது இருக்கே, அதுக்குத்தான் நாங்க படாத பாடு படுறோம்.”

படாத பாடு படுவது யார் என்பதில்தான் காலனிக்காரர்களுக்கும் அவருக்கும் சின்ன அபிப்பிராய பேதம்.

காலனி, திருச்சுழியிலிருந்து பரளச்சி போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. ஒரே வரிசையாக வீடுகள். ஆளுக்கு ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, பின்னால் கழிப்பறை. குறை சொல்ல முடியாத வீடு. கதவில் தாழ்ப்பாளும் இருந்தது. அந்தத் தாழ்ப்பாள் போய் விழ வாசல் நிலையில் ஓட்டைதான் இல்லை. வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு போகலாம். உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள மட்டும் வழியில்லை. கட்டியவர்களுக்கு அது தோன்றாமல் போயிருக்க வேண்டும். ராக்கம்மாள் தண்ணீர்க் குடத்தைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைப்பாள். ஆடிக் காற்று குடத்தையும் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்.

வந்த முதல் நாளே அவள் அதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டவன் செல்வக்குமார். மையத்தின் களப்பணியாளன். கண்ணுக்குக் கீழே கருத்துப்போன, மோட்டார் சைக்கிளில் வந்து வந்து முதுகு கூனிய பையன்.

“யம்மா, தாழ்ப்பாளு கட்டட விசயம். எங்களது மன விசயம். நீங்க மனசுல என்ன குறைன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“மனசுல அதான் தம்பி குறை. தாழ்ப்பாளு விழல.”

அவன் பெருமூச்சு விட்டு, ‘பாதுகாப்பின்மை உணர்வு உள்ளது’ என்று எழுதிக்கொண்டான். அந்த வாரமே பாதுகாப்பின்மை உணர்வைப் போக்க மூச்சுப் பயிற்சிக்கு ஆள் வந்தது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு இரண்டு தடவை திறந்துகொண்டது.

பொறுக்க மாட்டாமல் அவளே பரளச்சியிலிருந்து ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் உளியை எடுத்து நிலையில் வைக்கப்போன நேரம் செல்வக்குமார் பதறி ஓடி வந்தான். ஒப்படைப்புக் காலம் முடிகிற வரைக்கும் கட்டடத்தில் பயனாளி கை வைத்தால் அது சேதம், சேதம் என்றால் வீடு ரத்து என்றான். ஆசாரி உளியைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ராக்கம்மாளுக்கு அந்த ஓட்டை ஏன் அவ்வளவு அவசியம் என்றால், அவள் மகள் தங்கலட்சுமி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். நரிக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடுதான் பரளச்சி வீடு கைமாறிப்போனது. புருஷன் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். மானாவாரிக் காடு பங்காளிகளோடு போயிற்று. சம்பந்தி வீட்டில் கேட்டபோதெல்லாம், “குமாரலிங்கபுரத்துல எந்தம்பி வீட்டுல இருக்கேன்” என்றே சொல்லிவந்தாள். தம்பி வீடு இருந்தது உண்மை. அதில் அவளுக்கு இடம் இல்லாததை மட்டும் சொல்லவில்லை. இப்போதுதான் நிமிர்ந்து, “எனக்குன்னு ஒரு வீடு வந்திருக்கு மதினி, பிள்ளைய அனுப்பி வைங்க” என்று போனில் சொல்ல வாய்த்தது. சம்பந்தி முத்துமாரியம்மாள் காரியக்காரி. “நான் வந்து வீட்டப் பாத்துட்டு அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளைத்தாச்சிப் பெண்ணை, தாழ்ப்பாள் விழாத வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது? ராக்கம்மாளுக்கு இது ஒன்றுதான் கவலை. மையத்துக்கோ ஆயிரம் கவலை இருந்தது.

மாதம் ஒரு முறை முகம் காட்டும் பரீட்சை நடந்தது. ஓர் அட்டையில் சிரித்த முகம், சிரிக்காத முகம், அழுத முகம் என்று போட்டிருக்கும். செல்வக்குமார் கேட்பான்.

“வீட்ல இருக்கும்போது வீட்ல இருக்கிறதுபோல உணர்றீங்களா?”

“எங்க தம்பி, இருக்க விட்டீக?”

சிரிக்காத முகத்தில் குறி விழுந்தது. அதன் பலனாக ‘இல்ல வாழ்வுத் திறன்’ வகுப்பு வந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, துணியால் பிடிக்க வேண்டும் என்று படம் காட்டினாள். பரளச்சியில் காட்டு வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பானை பானையாய்ப் பொங்கிப் போட்டவள் ராக்கம்மாள். அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் தனியாக ஒரு வகுப்பு வைத்துவிடுவார்களோ என்று பயம்.

பக்கத்து வீட்டு இருளப்பசாமி அவ்வளவு சூதானம் இல்லாதவர். அவரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தவர்தான். ஒரு நாள் பேச்சுவாக்கில், “பஸ்ஸு சத்தம் இல்லாம தூக்கமே வர மாட்டேங்குது தம்பி” என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் காலனி முகப்பில் ஒரு கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு சத்தத்தைப் பதிவு செய்து வந்து போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பயனாளிகளை அமைதிக்குப் பழக்கும் முறையாம் அது. ஹாரன், கண்டக்டர் விசில், “மதுரை மதுரை மதுரை” என்கிற கூவல், சில்லறைக்குச் சண்டை எல்லாம் ராத்திரி முழுக்க வரும். குறைக்க வேண்டிய ஆள் வேறு திட்டத்துக்கு மாற்றலாகிவிட்டதால் சத்தம் குறையவேயில்லை.

“ஏத்தா, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்த்தா” என்று இருளப்பசாமி ஒவ்வொரு வாசலாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு மட்டும் நல்ல தூக்கம் வந்தது என்பதுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ராக்கம்மாளைப் பிடித்த சனியன் பால்.

குடிவந்த அன்று அவள் வழக்கப்படி நல்ல நேரம் பார்த்து, வலது காலை எடுத்து வைத்து, கிழக்குப் பக்கம் பொங்கி வழிகிற மாதிரி பால் காய்ச்சினாள். பக்கத்தில் எல்லோரும் அவசரமாக ஒரு கொதி விட்டு இறக்கியபோது இவள் பால் மட்டும் நுரை கட்டி, நின்று நிதானித்து, கிழக்கே வழிந்தது. ஜெயபாண்டி அதைப் பார்த்துவிட்டார். சென்னையிலிருந்து வரவேண்டிய நிதிக் குழு அன்று வந்து சேரவில்லை. மறுவாரம் வந்து, “அடடா, குடியேறுகிற நிகழ்ச்சியைப் பார்க்க முடியாமல் போய்விட்டதே” என்று வருத்தப்பட்டது.

“உங்களுக்காகவே ஒரு வீட்டை நிறுத்தி வச்சிருக்கோம்” என்றார் ஜெயபாண்டி, யோசிக்காமல்.

அந்த வீடு ராக்கம்மாள் வீடு. குடியேறுவதென்றால் முதலில் வெளியே இருக்க வேண்டுமே. அன்று சாயங்காலமே அவள் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் எடுத்து ரோட்டோர வேப்பமரத்தடியில் வைத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, ஈரம் காய வேண்டும், காலடி படக் கூடாது என்று வெளியே பூட்டினார்கள். அவள் மரத்தடியில் சாக்கை விரித்துப் படுத்தாள். மறுநாள் ரிப்பன் கட்டி, வலது காலை வைத்து, மறுபடியும் பால் காய்ச்சினாள். மறுபடியும் கிழக்கே வழிந்தது. குழு கைதட்டியது. காய்ச்சிய பாலைச் செல்வக்குமார் எடுத்துக்கொண்டு போய், பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காபி போட்டான். பாலும் ஆபீஸ் கணக்கு, காபியும் ஆபீஸ் கணக்கு. ராக்கம்மாள் வாயில் ஒரு சொட்டு படவில்லை.

அதோடு முடிந்திருந்தால் சரி. மாவட்டத்திலிருந்து ஒரு குழு வந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு. பிறகு, வெளிநாட்டுக் குழு வந்தபோது வர முடியாதவர்களின் குழு. ஒரே ஒரு தடவை தவிர, ஒவ்வொரு தடவையும் ராக்கம்மாள் வெளியேறி, உள்ளே நுழைந்தாள். ஒரு தடவை களைப்பில் இடது காலை வைத்துவிட்டாள். “கட், கட்” என்று திரும்ப வாசலுக்கு அனுப்பினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு விடிகாலை திடீர்ச் சோதனைக்கு வந்த மையத்தின் வேறொரு பிரிவு, மரத்தடியில் சாக்கை விரித்துத் தூங்குகிற ராக்கம்மாளைப் பார்த்துவிட்டது. பழைய பழக்கத்துக்கே திரும்பிவிட்டாள் என்று பதிந்துகொண்டு போனார்கள். அதற்காக அவளுக்குத் தனி ஆலோசனை ஏற்பாடாயிற்று. ஆலோசகர் கேட்டார்.

“உள்ளே படுக்க உங்களை எது தடுக்குது?”

“பூட்டு” என்றாள்.

“மனசுல இருக்கிற பூட்டை நாம சேர்ந்து திறப்போம்” என்றார் அவர்.

இப்படி இருக்கையில், ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக முத்துமாரியம்மாள் போன் செய்தாள். அதே வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து உயர்மட்டக் குழு வருவதாகச் செல்வக்குமார் வந்து சொன்னான். ராக்கம்மாள் வீட்டைப் பூட்டினாள். அன்றே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய், ஆபீஸ் மாடிப்படி ஏறி, ஜெயபாண்டியின் முன்னால் நின்றாள்.

“சார், இந்த ஒரு தடவ வேற ஆளு வீட்டுல வச்சுக்கங்க. எஞ்சம்பந்தி வீடு பாக்க வாராக. பாத்துட்டுத்தான் பிள்ளைய அனுப்புவாக. சாமான் பூராம் ரோட்டுல கெடந்தா என்ன நெனப்பாக?”

ஜெயபாண்டி எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை. குரல் தழுதழுக்கவே பேசினார்.

“அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியாதா? உங்களுக்காகத்தானே இவ்வளவும். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க மாதிரி பால் பொங்க வைக்க ஆள் இல்ல. போன தடவை உங்க வரிசைப் பிச்சையம்மாளை வச்சுப் பார்த்தோம், அடி பிடிச்சுருச்சு. குழு முகம் சுளிச்சுட்டாங்க. அவங்க முகம் சுளிச்சா நிதி நிக்கும். நிதி நின்னா மையம் நிக்கும். மையம் நின்னா உங்களைப் பின்தொடர யார் இருக்கா? நீங்க பாட்டுக்கு நிம்மதியா வீட்டுல இருந்துருவீங்க. அப்புறம் எங்க ஆதரவுக்கு என்னம்மா அர்த்தம்?”

சொன்னது என்ன என்று அவருக்குக் கடைசி வரைக்கும் உறைக்கவில்லை. ராக்கம்மாளுக்கு உறைத்தது. அவள் எழுந்து வெளியே வந்தாள். படியிறங்கும்போது செல்வக்குமார் கூடவே வந்தான்.

“யம்மா, கோவிச்சுக்காதீங்க. எனக்கே அடுத்த மாசம் ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாக. எங்க போறதுன்னு தெரியல.”

“அப்ப உன்னையும் நாளைக்குப் பின்தொடருவாக தம்பி” என்றாள் அவள். அவன் சிரிக்க முயன்று, முடியாமல் வண்டியை உதைத்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாமான்கள் வேப்பமரத்தடியில் கிடந்தன. வாசலில் ரிப்பன். ராக்கம்மாள் ஆபீஸ் கொடுத்த பட்டுச் சேலை மாதிரியான ஒன்றைக் கட்டிக்கொண்டு, பால் பானையோடு வெயிலில் நின்றாள். வியர்வையில் பொட்டு கரைந்தது. பந்தலில் உயர்மட்டக் குழு உட்கார்ந்திருந்தது. ஜெயபாண்டி மைக்கைப் பிடித்தார்.

“இதோ நிக்கிறாங்களே ராக்கம்மாள், இவங்க யாரு? நேத்து வரைக்கும் இவங்க யாருமே இல்லை! அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில கிடந்த ஒரு மூட்டை! உறவு கைவிட்டு, ஊர் கைவிட்டு, எச்சில் இலைக்குக் காத்துக் கிடந்த ஒரு ஜீவன்! இன்னிக்கு, வாழ்க்கையிலேயே முதன்முறையா, ஒரு வீட்டுக்குள்ள காலை எடுத்து வைக்கிறாங்க! நாங்க மட்டும் பின்தொடரலைன்னா, இவங்க எப்பவோ மறுபடி ரோட்டுக்கு வந்திருப்பாங்க!”

ரோட்டோரம் கிடந்த அவள் சாமான்களைச் சுற்றிக்கொண்டு ஒரு நாய் மோந்து பார்த்தது. காலனிக்காரர்கள் பழக்க தோஷத்தில் சரியான இடத்தில் கைதட்டினார்கள். அவள் எச்சில் இலைக்குக் காத்துக் கிடக்கவில்லை. இட்லிக்கடையில் பாத்திரம் தேய்த்துத்தான் சாப்பிட்டாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், கைதட்டுகிறவர்களுக்குப் பின்னால் மஞ்சள் பையும் வாழைத்தாருமாக நின்றுகொண்டிருந்த முத்துமாரியம்மாளைப் பார்த்துவிட்டாள். நரிக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி எப்போது வந்தாளோ, தெரியாது. பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிற முகம் அது.

 எல்லாம் போயிற்று என்று ராக்கம்மாள் நினைத்தாள். இனி மகளை அனுப்ப மாட்டார்கள். மகளுக்கே அங்கே குத்துப் பேச்சுதான் மிஞ்சும். ஆனாலும் கால் அதுபாட்டுக்கு வலது காலாக எழுந்து உள்ளே போனது. கை அதுபாட்டுக்கு அடுப்பைப் பற்ற வைத்தது. பால் நுரை கட்டி, நிதானித்து, கிழக்கே வழிந்தது. கேமராக்கள் மின்னின. குழுத் தலைவி, “ரியலி டச்சிங்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வழக்கம்போலச் செல்வக்குமார் துணியால் பானையைப் பிடித்துத் தூக்கினான்.

“அதைக் கீழ வைப்பா” என்று ஒரு குரல் வந்தது. முத்துமாரியம்மாள் ரிப்பனைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். “பாலு காச்சுன வீட்டுல சம்பந்தக்காரி குடிக்காம, பானையோட தூக்கிட்டுப் போறதுதான் உங்க ஊரு வழக்கமா?”

ஜெயபாண்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உறவே தேடி வந்திருக்கிறது! மைக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சொல்லுங்கம்மா, உங்க சம்பந்தி தெருவுல கிடந்தப்போ உங்க மனசு எப்படி இருந்துச்சு?”

முத்துமாரியம்மாள் மைக்கைக் கையால் ஒதுக்கினாள். அதற்குள் இருளப்பசாமி, அவருக்கே உரிய சூதானத்தோடு, “மகளுக்குத் தலைப்பிரசவம் சார், அதான் வீடு பாக்க வந்திருக்காக” என்று எடுத்துக் கொடுத்தார். ஜெயபாண்டி குழுவின் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா! பிறக்கப்போற குழந்தையையும் நம்ம மையம் பின்தொடரும்! தொட்டில் போடுறதை இதே வீட்டுல, உங்க முன்னாடி வச்சுக்குவோம். குழு வர்றதுக்குத் தாமதமானாலும் கவலையில்லை, இன்னொரு தரம் போட்டுக்கலாம்!”

“எம்பேரப்பிள்ளைய எத்தன தரம்யா தொட்டில்ல போடுவீக?”

“தேவைப்படும் வரைக்கும்மா” என்றார் ஜெயபாண்டி, மனம் கனிந்து.

முத்துமாரியம்மாள் வாழைத்தாரைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கடையில் கடன் சொல்லி நிற்பவர்களை வெளியேற்றுகிற அதே பக்குவத்தோடு, சத்தம் போடாமல், இயக்குநரையும் கேமராக்களையும் குழுத் தலைவியையும் ஒவ்வொருவராக வாசலுக்கு நகர்த்தினாள். கடைசியாகச் செல்வக்குமார், பானையைக் கீழே வைத்துவிட்டு, தானாகவே போனான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தாள். அது நிலையில் முட்டி நின்றது.

“என்ன மதினி, தாழ்ப்பாளு விழல?”

“நிலையில ஓட்ட போடல மதினி. நாளது வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.” அதைச் சொல்லும்போதுதான் ராக்கம்மாளுக்கு அழுகை வந்தது. “நான் பொய் சொல்லிட்டேன். தம்பி வீட்டுல இல்ல நான்.”

“தெரியும்” என்றாள் முத்துமாரியம்மாள். “கடைக்குச் சரக்கெடுக்க டவுனுக்கு வாறவளுக்கு பஸ் ஸ்டாண்டு தெரியாதா? முழங்கால்ல தலைய வச்சுத் தூங்கிக்கிட்டு இருந்தீக. எழுப்ப வந்தேன். எழுப்பி எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல. என் வீட்டுக்குன்னு சொல்ல அன்னைக்கு எனக்கு வாய் வரல. திரும்பிட்டேன்.”

வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். கதவு ஒரு சாண் திறந்துகொண்டது. முட்டுக் கொடுக்கக் குடம் இல்லை. குடம் வேப்பமரத்தடியில் கிடந்தது. முத்துமாரியம்மாள் தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைக் கொடுத்து அழுத்திச் சாத்தினாள். ராக்கம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டம்ளர்களும் மரத்தடியில் இருந்ததால், பானை மூடியில் ஊற்றி ஆளுக்கு ஒரு வாயாக மாற்றிக் குடித்தார்கள்.

“யம்மா, கதவத் தெறங்க, குரூப் போட்டோ பாக்கி” என்று செல்வக்குமாரின் குரல் கேட்டது. சற்றுப் பொறுத்து, மைக்கில் ஜெயபாண்டி பேசினார்.

“பயனாளி கதவைத் திறக்க மறுக்கிறாங்க, பார்த்தீங்களா? நாலு சுவருக்குள்ள ஒதுங்கிப்போற அபாயம்ங்கிறது இதுதான்! ஆகவே ஆதரவை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கணும்னு குழுவை வேண்டிக் கேட்டுக்கிறேன்!”

கைதட்டல் பலமாக எழுந்தது.

“வாற வெள்ளிக்கிழம பிள்ளையக் கொண்டாந்து விடுறேன்” என்றாள் முத்துமாரியம்மாள். “வரும்போது கடையிலருந்து உளியும் சுத்தியலும் கொண்டாரேன். நானே ஓட்ட போட்டுத் தாரேன்.”

“போட்டா வீட்ட ரத்துப் பண்ணிருவாகளாம் மதினி.”

முத்துமாரியம்மாள் மூடியில் இருந்த பாலை ஊதினாள்.

“எப்படிப் பண்ணுவாக? உங்கள வெளிய அனுப்பிட்டு, அடுத்த குழு வந்தா யார வச்சுப் பாலு காச்சுவாக?”

ராக்கம்மாள் இதை இத்தனை நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. வெளியே யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். இரண்டு பேரும் காலை நீட்டி உதைத்துக்கொண்டு, முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்கள். பால் நன்றாக இருந்தது. தான் காய்ச்சிய பாலின் ருசி ராக்கம்மாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.